அதுக்க அடி எப்பிடி?

2024 நவம்பர் 11ஆம் தேதி கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ஒரு கடல்விமானம் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பெட்டி அணையில் போய் இறங்கியது. சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கள் திருவட்டாறு வாட்ஸப் குழுக்களுக்கு வந்துவிட்டது. எங்களுக்குக் கேரளம் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் என்ன வாங்கினாலும் நமக்கும் வேண்டும். "பேச்சிப்பாறையில எப்ப?" என்று ஒருவர் கேட்டார். "தொட்டிப்பாலத்துக்கு மேல பறந்தா எப்பிடி இருக்கும்!" என்று இன்னொருவர். ஐம்பது அறுபது கைதட்டல்கள்.

சில நாள் கழித்து மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் அதே வீடியோவைத் தெரிந்த ஒரு அண்ணனுக்குக் காட்டினேன். தூத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் ஆழ்கடல் தொழில். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"செரி மக்கா, அதுக்க அடி எப்பிடி?"

எனக்குப் புரியவில்லை.

"அடியில, வெள்ளத்துல முட்டுத எடம். அதக் காட்டவே இல்லியே. இது கொளத்துல எறங்குத சாதனம் மாதிரில்லா இருக்கு. கடல்ல எறங்குமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீடியோவை அனுப்பியவர்களிடமும் இல்லை. திறப்பு விழாவில் பேசியவர்கள் யாரும் அதைத் தொட்டதாகவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். வாசித்து முடித்தபோது எனக்கு மிஞ்சியது கோபம். அதனால் இது நடுநிலையான கட்டுரை இல்லை. நம் நாட்டில் 'சீ பிளேன்' என்று அறிவிக்கப்படும் எதுவும் சீயில் இறங்குவதற்கானது அல்ல என்பதும், கடலில் இறங்கும் விமானம் யாருக்கு வேண்டுமோ அவர்களைக் கணக்கிலேயே எடுக்காமல்தான் இந்த விளையாட்டு நடக்கிறது என்பதும் என் தரப்பு. ஆதாரம் விமானத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

*

எங்கள் ஊரில் கோதையாறும் பரளியாறும் கூடுகிற இடத்துக்கு மூவாற்றுமுகம் என்று பேர். ஆதிகேசவர் கோயிலைச் சுற்றி ஆறு வளைந்து ஓடுவதால்தான் ஊருக்கே வட்டாறு என்று பேர் வந்தது. சின்ன வயதில் அந்த ஆற்றங்கரையில் தவளைக்கல் விடாத பையன் இல்லை. தட்டையான சில்லாகப் பொறுக்கி, குனிந்து, கையைச் சாய்த்து வீசினால் கல் தண்ணீரில் தத்தித் தத்திப் போகும். உருண்டைக் கல் 'குளுக்'கென்று முங்கிவிடும். தட்டைக் கல்லை நேராகக் குத்தி எறிந்தாலும் முங்கும். ஒரு சாய்வு வேண்டும். 2004இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து, தண்ணீர்ப் பரப்போடு கல் 20 டிகிரி சாய்ந்திருந்தால் நன்றாகத் தத்தும் என்று கண்டுபிடித்தார்கள். நாங்கள் கோணமானி இல்லாமல் கண்டுபிடித்திருந்தோம், அவ்வளவுதான்.

கடல்விமானத்தின் அடி செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய இதுதான். நிற்கும்போது அது ஒரு வள்ளம். எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கும். எஞ்சின் முறுக்கி ஓட ஆரம்பித்ததும் மூக்கு தூக்கும், வால் அமிழும், தனக்கு முன்னால் தானே எழுப்பிய அலை ஒரு மேடு மாதிரி நிற்கும். தண்ணீரின் இழுவை உச்சத்துக்குப் போகும் நேரம் அது. அந்த மேட்டைத் தாண்டினால் அடிப்பாகம் தண்ணீருக்குள் உழுவதை விட்டுத் தண்ணீர் மேல் வழுக்கும், தவளைக்கல் மாதிரி. இழுவை சட்டென்று குறையும், வேகம் கூடும், இறக்கை தூக்க ஆரம்பிக்கும். தாண்டாவிட்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் அது சத்தம் போடுகிற ஒரு படகுதான்.

அந்தக் கடைசிக் கட்டத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள். குழாயைத் திறந்து, ஒரு கரண்டியைக் காம்பு நுனியில் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகை நீர்த்தாரையில் மெல்லப் படவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்று நினைப்பீர்கள். தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டே போய்த் தன் பக்கம் உறிஞ்சும். அழகாக வளைந்து மேலேறும் வால் கொண்ட ஒரு வள்ளத்துக்கு வேகத்தில் இதுவேதான் நடக்கும். இறக்கை மேலே தூக்க, வாலைத் தண்ணீர் கீழே பிடித்து இழுக்கும்.

1912இல் அமெரிக்காவின் ஹாமண்ட்ஸ்போர்ட் ஏரியில் கிளென் கர்ட்டிஸ் தன் பறக்கும் படகை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டது இங்கேதான். எஞ்சினில் குறை இல்லை, இறக்கையிலும் இல்லை. ஆனாலும் தண்ணீர் விடவில்லை. கடைசியில் அடிப்பாகத்தின் நடுவில் குறுக்கே ஒரு படி வெட்டினதுபோல் அமைத்தார். தண்ணீர் அந்தப் படியின் விளிம்பு வரை வந்து, அங்கே வளைய முடியாமல் பிய்ந்துகொண்டு போகும். படிக்குப் பின்னால் காற்று புகுந்துகொள்ளும். படகு எழும்பியது. அதற்குப் பிறகு வந்த பறக்கும் படகுகளின் அடியில், ஏதோ ஒரு வடிவத்தில், அந்தப் படி இருக்கிறது.

இத்தனையும் தண்ணீர் அலையில்லாமல் கிடந்தால். அலை வந்தால் கதையே வேறு.

தட்டையான அடி தண்ணீர் மேல் சீக்கிரம் ஏறி வழுக்கும். ஆனால் அதே தட்டை அடியோடு அலை மேல் இறங்கினால் அறை விழும். உயரத்திலிருந்து ஆற்றில் குதிக்கத் தெரியாமல் வயிறடித்து விழுந்த பையன்களுக்கு அந்த அறை என்ன என்று தெரியும். 1929இல் தியடோர் வான் கார்மன் இந்த மோதலைக் கணக்காக எழுதினார். முழுத் தட்டையான அடி நேராக மோதினால் அந்த எளிய கணக்கில் விசை எல்லையே இல்லாமல் போகும். ஆகவே அடியை 'வி' வடிவில் கூராக்க வேண்டும். கூரான அடி அலையை அறையாமல் கிழிக்கும். ஆனால் எவ்வளவு கூராக்குகிறோமோ அவ்வளவுக்கு வழுக்கிக் கிளம்பக் கூடுதல் வேகமும் எஞ்சின் பலமும் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று போகும்.

அடுத்தது தெறிப்பு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அணியத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் தண்ணீர்த் திரை சுழலும் புரொப்பல்லரில் பட்டால் அதன் விளிம்பையே தின்றுவிடும், எஞ்சினுக்குள் போனால் மூச்சு முட்டும். அடுத்தது ஓங்கில் துள்ளல். கொஞ்சம் கோணம் தவறினால் வழுக்கி ஓடும் விமானம் ஓங்கில் மீன் மாதிரி மூக்கை எம்பி எம்பிக் குத்த ஆரம்பிக்கும். ஒவ்வொரு எம்பலும் முந்தியதைவிடப் பெரிதாகும். விமானி அடக்காவிட்டால் அலை அடக்கிவிடும்.

கடைசியாக வேகம். மோதலின் வீச்சு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்வாசிதான். ஆக, கடலில் இறங்க வேண்டுமானால் அடியை மட்டும் சரிசெய்தால் போதாது, மிக மெதுவாகப் பறக்கவும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் யாரும் பேனாவும் பேப்பரும் வைத்து முடித்துவிடவில்லை. 1931இல் அமெரிக்காவின் லாங்லியில் இதற்கென்றே ஒரு தொட்டி கட்டினார்கள். நீளம் ஏறக்குறைய 600 மீட்டர். எங்கள் மாத்தூர் தொட்டிப்பாலம் 384 மீட்டர். ஒன்றரைத் தொட்டிப்பால நீளத்துக்குத் தண்ணீரை நிரப்பி, மேலே ஓடும் வண்டியில் விமான அடியின் சின்ன மாதிரிகளைக் கட்டி இழுத்து இழுத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். படி எவ்வளவு ஆழம், எந்த இடத்தில், எந்தக் கோணம் என்று ஒவ்வொன்றாக. கடல்விமானம் வேண்டும் என்று நினைத்தவர்கள் தண்ணீருக்குக் கொடுத்த மரியாதை அது.

*

இப்போது நம்மூருக்கு வருவோம்.

'கடல்விமானம்' என்று ஒரே பேரில் இரண்டு வெவ்வேறு சாதனங்களை நமக்கு விற்கிறார்கள். ஒன்று மிதவை விமானம். தரையில் இறங்குவதற்காகச் செய்த விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவைகளை மாட்டியது. மாட்டுப்பெட்டியில் இறங்கிய டிவின் ஆட்டர் அந்த வகை. இன்னொன்று பறக்கும் படகு. அதன் உடம்பே வள்ளம். மிதவை விமானம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. டிவின் ஆட்டர் அறுபது வருடமாக உழைக்கும் கெட்டிக்கார விமானம். மாலத்தீவில் அது ஆட்டோ மாதிரி ஓடுகிறது. ஏன் ஓடுகிறது? அங்கே பவளத்திட்டு வேலி போட்டு உள்ளே கடலைக் குளமாக்கி வைத்திருக்கிறது. குமரி மேற்குக் கரையில் அப்படி வேலி எதுவும் இல்லை. தெற்கே எங்கேயோ பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். 'கள்ளக்கடல்' என்று அதற்கு எங்கள் கடற்கரையில் தனிப் பேரே உண்டு. சிறிய மிதவை விமானத்துக்கு அரை மீட்டர் அலை என்றாலே விமானி யோசிப்பார்.

ஆக அந்த அண்ணன் வீடியோவைப் பார்த்துச் சொன்னது சரி. அது குளத்தில் இறங்குகிற சாதனம். குளத்து விமானத்துக்குக் கடல் என்று பேர் வைத்ததுதான் முதல் பொய்.

2013ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்கள் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள்.

மே 29: டோக்கியோவில் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பானோடு வெளியிட்ட கூட்டறிக்கையில் யுஎஸ்-2 என்ற ஜப்பானியப் பறக்கும் படகு பற்றிப் பேச ஒரு கூட்டுப் பணிக்குழு அமைப்பதாக முடிவு.

ஜூன் 2: கொல்லம் அஷ்டமுடிக் காயலில் கேரளத்தின் சுற்றுலா சீ பிளேனை அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி தொடங்கி வைக்கிறார். ஆலப்புழை புன்னமடைக் காயலில் இறங்க வேண்டிய விமானம் மீனவர்களின் எதிர்ப்பால் இறங்க முடியவில்லை. திட்டம் அதோடு படுத்தது.

ஜூன் 21: பசிபிக் பெருங்கடலில் பாய்மரப் படகு மூழ்கி, உயிர்காப்புத் தெப்பத்தில் கிடந்த இரண்டு ஜப்பானியர்களை, கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய அலையில் இறங்கி அள்ளிக்கொண்டு வருகிறது அதே யுஎஸ்-2. அதில் ஒருவர் பார்வையற்றவர்.

ஒரே மாதத்துக்குள் இரண்டு கடல்விமானங்கள். எது எங்களுக்கு வேண்டியது, எது வந்தது? சுற்றுலா விமானத்துக்கு விழாப் பந்தல் போட்டாகிவிட்டது. இன்னொன்றுக்குக் குழு போட்டார்கள். 12 விமானங்கள் என்று பேச்சு வருடக்கணக்கில் நடந்தது, விலை ஏறியது, இறங்கியது. கையெழுத்து விழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று ஆலப்புழையில் படகு கட்டி மறித்தவர்களை 'வளர்ச்சிக்கு எதிரி' என்றார்கள். ஒரு மிதவை விமானம் கிளம்ப நூற்றுக்கணக்கான மீட்டருக்கு எதுவுமில்லாத தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் அவர்கள் வலை இருக்கிறது. "எங்கள் வலையை எங்கே கொண்டுபோய்ப் போட?" என்பது கழுத்தறுப்பு இல்லை. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய கேள்வி அது.

குஜராத் கதை இன்னும் சுருக்கம். 2020 அக்டோபர் 31இல் கேவடியாவிலிருந்து சபர்மதிக்குப் பிரதமர் மோடியே ஏறிப் பறந்தார். ஒரு மாதத்துக்குள் விமானம் மராமத்துக்கு மாலத்தீவுக்குப் போனது. 2021 ஏப்ரலில் சேவையே நின்றது. இத்தனை விழாவுக்கும் விமானத்தின் மேல்பாகப் படம் பேப்பரில் வந்தது. அடியை யாரும் காட்டவில்லை.

*

2017 நவம்பர் 30 பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒக்கி. முந்தின நாள் வரை வெறும் காற்றழுத்தத் தாழ்வு. விடிந்தால் புயல். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டுக் கடற்கரை ஊர்களின் ஆட்கள் அப்போது ஆழ்கடலில், பலர் கரையிலிருந்து பல நாள் ஓட்டத்தில். எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லாத தூரம். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள், பாதிரிமார், பிள்ளைகள்.  தேடுங்கள் என்று கேட்டார்கள்.

தேடவில்லை என்று சொல்வது நியாயமில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பலையும் விமானத்தையும் அனுப்பின. ஆனால் எந்த விமானம்? டோர்னியர் நெடுந்தூரம் போகும், பார்க்கும். இறங்காது. பி-8ஐ இன்னும் நெடுந்தூரம் போகும், இன்னும் நன்றாகப் பார்க்கும். அதுவும் இறங்காது. ஹெலிகாப்டர் கயிறு விட்டுத் தூக்கும், ஆனால் அதன் எரிபொருளுக்கு ஒரு எல்லை உண்டு. கப்பல் எங்கும் போகும், ஆனால் போய்ச் சேர நேரமெடுக்கும். கவிழ்ந்த படகின் அடியைக் கட்டிப்பிடித்துக் கிடக்கிறவனுக்கு ஒரு இரவு என்பது என்ன? போய்ப் பார்க்கவும் முடிந்து, இறங்கி எடுக்கவும் முடிந்த ஒன்று அன்று நம்மிடம் இல்லை.

யுஎஸ்-2 இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். புயலின் உச்சத்தில் எந்த விமானமும் கடலில் இறங்காது. அந்தப் படகுக்குச் சொல்லப்படும் எல்லையே மூன்று மீட்டர் அலை. ஆனால் புயல் போன பிறகு வரும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள்? ஆட்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த மூன்று மீட்டர் எப்படி வந்தது என்று பாருங்கள். அந்த வரிசை விமானங்களின் தலைமை வடிவமைப்பாளர் ஷிசுவோ கிகுஹாரா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எச்8கே என்ற பெரிய பறக்கும் படகைச் செய்தவர். அதில் தெறிப்பை அடக்க மூக்கின் அடியில் இரண்டு நீளமான பட்டைகளை வைத்தார். அதன் வடிவத்தைப் பார்த்து 'கட்சுவோபுஷி' என்று பேர் வைத்தார்கள். அது என்ன தெரியுமா? காய்ந்த சூரை மீன். ஏறக்குறைய நம் மாசிக்கருவாடு. ஒரு மீன் தின்னும் ஊர், தன் விமானத்தின் அடியைப் பார்த்து மாசி என்று பேர் வைத்திருக்கிறது. போருக்குப் பிறகு அதே ஆள் அந்தப் பட்டையை ஒரு பள்ளமாக மாற்றினார். எழும் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் மாட்டி எஞ்சினுக்குப் போகாமல் பக்கவாட்டில் வெளியேறும். இறக்கை மேல் காற்றை ஊதுவதற்கென்றே உள்ளே தனியாக ஒரு எஞ்சின். அதனால் 43 டன் எடையோடு மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் மெல்ல வந்து உட்கார முடிகிறது. எழும்ப 280 மீட்டர் தண்ணீர் போதும். 1967இல் முதல் வடிவம் பறந்தது. யுஎஸ்-2 பறந்தது 2003இல். ஒரு அடிவயிற்றுக்குப் பின்னால் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பு.

இதெல்லாம் நம் தண்ணீருக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் புழல் ஏரி, பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகளுக்குத் தளமாக இருந்தது. ஏரியில் இருந்து கிளம்பி வங்கக்கடலில் வேலை. இலங்கையின் தென்முனையில் கொக்கல ஏரியும் அப்படியே. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி அங்கிருந்து போன ஒரு கேட்டலினாதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் பார்த்தது.

அதே வகைக் கேட்டலினா ஒன்று 1945 ஆகஸ்ட் 2இல் பசிபிக்கில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். இண்டியானாபோலிஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கி, மாலுமிகள் நாட்கணக்கில் மிதந்துகொண்டிருந்தார்கள், சுறாக்களுக்கு நடுவில். திறந்த கடலில் இறங்கக் கூடாது என்பது உத்தரவு. ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி உத்தரவை மீறி 12 அடி அலையில் இறங்கினார். அடி அடிபட்டது. இனி எழும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மிதந்தது. 56 பேரை ஏற்றினார். உள்ளே இடமில்லாமல் இறக்கை மேல் கட்டிப்போட்டார். இரவில் கப்பல் வந்து சேரும் வரை அந்த விமானம் வள்ளமாகவே கிடந்தது. பறக்கத் தவறினாலும் வள்ளமாக இருக்கத் தெரிந்த அடி 56 உயிரைக் காத்தது.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். விலை. ஒரு யுஎஸ்-2க்குப் 10 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். ஏழை நாட்டுக்கு இது கட்டுமா? கட்டாது என்றே வைத்துக்கொள்வோம். நான் ஜப்பான் விமானத்துக்குத் தரகு பேசவில்லை. வாங்க முடியாததைச் செய்து பார்க்கலாமே என்றுகூட யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் புகார். சீனா தன் ஏஜி600 பறக்கும் படகை 2018இல் நீர்த்தேக்கத்திலிருந்தும் 2020இல் கடலிலிருந்தும் எழுப்பிப் பார்த்தது. நமக்கு விசாகப்பட்டினத்தில் டிஆர்டிஓவின் கடற்படை ஆய்வகத்தில் 500 மீட்டர் நீளத்துக்கு இழுவைத் தொட்டி இருக்கிறது. சென்னை ஐஐடியில் கடல்பொறியியல் துறையும் அதற்கொரு தொட்டியும் இருக்கின்றன. அலை எப்படி என்று சொல்ல ஐதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. மரமும் ஃபைபரும் வைத்துச் சின்ன மாதிரி செய்து இழுத்துப் பார்க்க எத்தனை கோடி வேண்டும்?

அடுத்த தரப்பு இன்னும் எரிச்சலூட்டும். நம் ஆட்கள்தான். கடல்விமானம் என்று ஆரம்பித்தால், "கேட்டமரன் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம்" என்று நெஞ்சைத் தூக்குவார்கள். உண்மைதான், சொல் நம்முடையது. 1697இலேயே வில்லியம் டாம்பியர் தன் பயண நூலில் எழுதிவிட்டார். ஆனால் இன்று உலகம் கேட்டமரன் என்று அழைக்கும் இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் வடிவம். நம் கட்டுமரம் அதுவல்ல. அது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. உள்ளே ஏறும் தண்ணீர் இடுக்கு வழியாகத் தானே இறங்கிவிடும், ஆகவே நிரம்பி மூழ்காது. அலை மேலேறி வழுக்கி வந்து மணலில் உட்காரும். அதன் பெருமை அந்த அடியில்தான் இருக்கிறது. நாம் சொல்லை வைத்துக்கொண்டு அடியை விட்டுவிட்டோம். கட்டுமரம் கட்டத் தெரிந்த கடைசி ஆட்களிடம் அளவு கேட்டு எழுதி வைத்தோமா? ஆங்கில அகராதியில் நம் சொல் இருக்கிறது என்று ஸ்டேட்டஸ் மட்டும் போடுகிறோம்.

நம் கரையில் இந்த வேலை நடக்கவே இல்லை என்றும் இல்லை. 1980களில் முட்டத்தில் பியேர் ஜில்லே என்ற பெல்ஜிய நாட்டுப் பொறியாளர், பாதிரியார், மீனவர்களோடு உட்கார்ந்து பிளைவுட் வள்ளங்களைச் செய்தார். அதே காலத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையிலிருந்து கரையேறும் படகுகளை வடிவமைத்தது. எதிரே மடங்கி விழும் அலையைத் தாண்டிப் போய், அதே அலையில் உடையாமல் திரும்பி வர எப்படிப்பட்ட அடி வேண்டும் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. கடல்விமானத்தின் கேள்வியும் பாதி அதுவேதான். அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லி வந்தவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கடல்விமானத் திட்டக் கூட்டத்தில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி போட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

கடைசியாக, நாம். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள். ஆற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் எவ்வளவு எழுதுகிறோம்! எனக்கும் மூவாற்றுமுகம் பற்றி நாலு கவிதை உண்டு. நான்கிலும் ஆறு நினைவாகவோ அம்மாவாகவோ வருகிறது. ஒன்றில்கூடத் தண்ணீர் தண்ணீராக வரவில்லை. அது கரண்டியை உள்ளே இழுக்கும் என்று எனக்கே நாற்பது வயதில்தான் தெரியும். இலக்கியவாதிக்கு எதற்கு நீரியல் என்று கேட்கலாம். ஒக்கிக்குப் பிறகு இரங்கல் கவிதைகள் குவிந்தன. எந்த விமானம் இறங்கும், எது இறங்காது என்று கேட்டு ஒரு கட்டுரை எழுத நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்க வேண்டியிருந்தது.

*

பேச்சிப்பாறையில் சீ பிளேன் வரும் என்று நாளைக்கு யாராவது அறிவிக்கலாம். வரட்டும், சுற்றுலா பாவமில்லை. நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் அதைக் கடல்விமானம் என்று சொல்ல விடாதீர்கள். எவ்வளவு அலையில் இறங்கும், எத்தனை மீட்டர் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரில் இப்போது யார் வலை போடுகிறார்கள் என்று மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: இது குளத்துக்கு, சரி, கடலுக்கு எது? அடுத்த புயலின் மூன்றாம் நாளில், கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டரில் ஒருத்தன் மிதந்தால், இறங்கி எடுக்க எது வரும்?

போன மாதம் அந்த அண்ணனை மறுபடி பார்த்தேன். வாசித்ததையெல்லாம் சொன்னேன். படி, வி வடிவம், மாசிப் பட்டை, மூன்று மீட்டர் அலை. பொறுமையாகக் கேட்டார். படியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையாட்டினார். மேசையில் சிந்தியிருந்த டீயில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்து, நடுவில் சட்டென்று விரலை எடுத்துக் காட்டினார்.

"வெள்ளத்த ஒரு எடத்துல அறுத்து விடணும். இல்லேன்னா அது விடாது. நீ இதப் படிச்சுப் பாத்தா?"

"ஆமாண்ணே."

"செரி. அப்ப நம்மகிட்ட எப்ப வரும்?"